எந்த மானை விடுவது? யாரைப் பிடிப்பது?

தொழிலாளர் பத்திரிகையில் மானுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கூலிப் பிரச்சினை இருக்கிறது, ரேஷன் அட்டைப் பிரச்சினை இருக்கிறது, பிள்ளைகள் தமிழ் படிக்க வழியில்லாத குறை இருக்கிறது. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு வேட்டையைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்பவர்களுக்கு நம் பதில் இதுதான்:

சித்தூர், திருப்பதிப் பகுதியில் காட்டோரத்து மாந்தோப்புகளில் குடிசை போட்டுக் காவல் இருப்பவர்களில் நம்மவர்கள் இருக்கிறார்கள். செங்கல் சூளையிலும் கல்குவாரியிலும் கரும்பு வெட்டிலும் உழைப்பவர்களில் நம்மவர்கள் இருக்கிறார்கள். இரவில் கண்ணி கட்டச் சொன்னால் கட்டுவதும், கம்பியில் கரண்டு விடச் சொன்னால் விடுவதும் இவர்கள் கையால்தான் நடக்கிறது. விடியற்காலையில் மான் விழுந்து கிடந்தால் கறி ஒரு வீட்டுக்குப் போகிறது; வனத்துறை ஜீப் வந்தால் விலங்கு வேறொருவர் கையில் விழுகிறது. அந்தக் கை நம்முடைய கை. ஆகவே இது நம் பிரச்சினை.

இதைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ஒரு வாதம் கட்டாயம் வரும். "குட்டியை விட்டுவிட்டோம், சினை மானை விட்டுவிட்டோம், கொம்பு வைத்த கிழட்டுக் கலையைத்தானே பிடித்தோம்? இதில் என்ன தப்பு?" என்பார்கள். இந்த வாதத்தைக் கேலி செய்து ஒதுக்கிவிட நாம் தயாரில்லை. அதற்குள் ஒரு பழைய நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை முழுதாக எடுத்துப் பார்ப்போம். அது இன்று நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று பார்ப்போம்.

உடுப்பூர் வேடரின் வரம்பு

நாம் வாழும் மண்ணிலிருந்தே தொடங்கலாம். திருப்பதியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் காளத்தி வந்துவிடும். இன்று ஸ்ரீகாளஹஸ்தி என்கிறோம். வேடர் குலத்தில் பிறந்த திண்ணன் அங்கே கண்ணப்பன் ஆன கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நம்பிக்கை உள்ளவர் அதைப் பக்தியாகப் பார்க்கட்டும். இல்லாதவர் கதையாகப் பார்க்கட்டும். இருவருமே நின்று கவனிக்கவேண்டிய ஓர் இடம் அதில் உண்டு.

12-ஆம் நூற்றாண்டில் பெரிய புராணம் பாடிய சேக்கிழார், திண்ணன் முதன்முதலாக வேட்டைக்குப் போகும் நாளை விரிவாகச் சொல்கிறார். உடுப்பூர் வேடர்கள் காட்டைச் சுற்றி வலை கட்டுகிறார்கள், நாய்களை அவிழ்த்துவிடுகிறார்கள், ஓசை எழுப்பி விலங்குகளைக் கலைக்கிறார்கள். பன்றியும் மானும் கரடியும் சிதறி ஓடுகின்றன, அம்புகள் பாய்கின்றன. இத்தனை கொலைக்கு நடுவே புலவர் ஒரு செய்தியைக் குறித்து வைக்கிறார். அந்த வேடர்கள் யானைக் கன்றை விரட்டிப் போகவில்லை. மற்ற விலங்குகளின் குட்டிகள்மேல் கை வைக்கவில்லை. சூல் கொண்ட பிணைமான்களுக்குத் துன்பம் செய்யவில்லை.

அவர்கள் சாதுக்கள் அல்லர். கொலையே தொழிலாகக் கொண்டவர்கள். ஆனாலும் அந்தத் தொழிலுக்குள் ஒரு வரம்பு இருந்தது. அந்த வரம்புக்கு இரக்கம் மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது. பிணையைக் கொன்றால் அடுத்த ஆண்டு மறி இல்லை. மறியைக் கொன்றால் அதற்கடுத்த ஆண்டு மந்தை இல்லை. காட்டை நம்பிப் பிழைப்பவனுக்கு நாளைக்கும் காடு வேண்டும். வட்டியைத் தின்னலாம், முதலைத் தின்னக்கூடாது என்று கடன்பட்ட நமக்குச் சொல்லித்தரவா வேண்டும்?

இந்த யோசனை வேடர்களோடு நிற்கவில்லை, அரசர்களுக்கும் வந்திருக்கிறது. குண்டக்கல் பக்கம் ரயிலில் போகிறவர்களுக்குக் கூத்தி ஜங்ஷன் தெரியும். அங்கிருந்து சில மைல் தொலைவில் எர்ரகுடி என்ற ஊரில், பாறையில் அசோகனின் கட்டளைகள் வெட்டப்பட்டிருக்கின்றன. இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட எழுத்து. தன் மடைப்பள்ளியில் முன்பு எண்ணற்ற உயிர்கள் கொல்லப்பட்டன, இப்போது நாளுக்கு 2 மயில், 1 மான் என்று குறைந்துவிட்டது, அந்த மானும் எல்லா நாளும் இல்லை, இனி அந்த மூன்றும் நிறுத்தப்படும் என்று அந்த அரசன் அறிவிக்கிறான். வடக்கே தூண்களில் வெட்டப்பட்ட வேறொரு கட்டளையில், சினையாகவோ பால் கொடுத்துக்கொண்டோ இருக்கும் ஆடுகளையும் பன்றிகளையும், 6 மாதம் ஆகாத குட்டிகளையும் கொல்லக்கூடாது என்கிறான்.

கவனியுங்கள்: வேடனும் சக்கரவர்த்தியும் ஒரே இடத்தில் கோடு போடுகிறார்கள். தாயை விடு, குட்டியை விடு. இதுதான் பழைய நியாயம்.

மானுக்குப் பஞ்சாங்கம் கிடையாது

சரி, அந்தக் கோட்டை இன்று சேஷாசலக் காட்டில் யாராவது கடைப்பிடிக்க முடியுமா? இதுதான் கேள்வி.

குளிர் நாடுகளில் மானுக்குப் பருவம் உண்டு. இலையுதிர் காலத்தில் இணை சேரும். அடுத்த கோடையின் தொடக்கத்தில் குட்டி போடும். ஆகவே சட்டம் போடுவது சுலபம். ஸ்காட்லாந்தில் பெண் செம்மானைச் சுட அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரைதான் பொதுவாக அனுமதி. அதற்குள் குட்டி ஓரளவு வளர்ந்துவிடும் என்பது கணக்கு. அப்போதும்கூட, தாயைச் சுட்டால் கூட நிற்கும் குட்டியையும் விட்டுவைக்காதே, தாயில்லாமல் அது பட்டினியில் சாகும் என்று அங்குள்ள வேட்டைக்காரர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1907-ல் பெண் மானைச் சுடவே கூடாது என்று தடை போட்டார்கள். மான்கள் பெருகின, பெருகிக் காட்டின் இளஞ்செடிகளைத் தின்று தீர்த்தன, பிறகு பெண் மானையும் சுட அவர்களே அனுமதி கொடுக்க வேண்டிவந்தது. அங்கே ஓநாயும் புலி இனத்துப் பெரும்பூனையும் முன்பே ஒழிக்கப்பட்டுவிட்டன. கொல்ல வேறு மிருகம் இல்லாத இடத்தில் மனிதன் எண்ணிப் பார்த்துக் கொல்கிறான்.

நம் புள்ளிமானின் கதை வேறு. இங்கே தெலுங்கில் துப்பி என்பார்கள். இதற்குக் குட்டி போட இந்த மாதம்தான் என்ற கட்டாயம் இல்லை. ஒரே மந்தையில் ஒரு கலைக்குக் கொம்பு முற்றிக் கூராக நிற்கும். பக்கத்தில் நிற்கும் கலைக்குக் கொம்பு உதிர்ந்து, மெல்லிய தோல் போர்த்திய புதுக்கொம்பு முளைத்துக்கொண்டிருக்கும். ஒரு பிணை சினையாக இருக்கும்; இன்னொரு பிணை பால் கொடுக்கும். சினைக்காலம் ஏழரை மாதத்துக்கு மேல்; போடுவது பெரும்பாலும் ஒரே குட்டி. குட்டி போட்ட சில மாதங்களிலேயே மறுபடி சினை பிடிக்கும். ஆகவே வளர்ந்த பிணை எந்த மாதத்தில் உன் கண்ணில் பட்டாலும் அது சூலியாகவோ தாயாகவோ இருக்கும் என்றுதான் எண்ணவேண்டும்.

"குட்டி கூட இல்லையே, தனியாகத்தானே நின்றது?" என்று கேட்கலாம். பிறந்த மறியைப் புதரில் ஒளித்துவிட்டுத்தான் பிணை மேயப் போகும். மறி வாசனை காட்டாமல், அசையாமல் படுத்துக்கிடக்கும். நீ தாயை மட்டும் பார்க்கிறாய். புதருக்குள் கிடப்பதைப் பார்ப்பதில்லை. ஓர் அடியில் இரண்டு உயிர்; ஒன்றுக்குக் கறியாவது மிஞ்சும், மற்றொன்று எறும்புக்கு இரை.

அப்படியானால் கொம்புள்ள கலையை மட்டும் பிடிக்கலாமே என்பது அடுத்த வாதம். ராஜாக்களும் ஜமீன்தார்களும் வெள்ளைக்கார துரைகளும் அதைத்தான் செய்தார்கள். மந்தையிலேயே பெரிய கொம்பு எதுவோ அதைச் சுட்டுச் சுவரில் மாட்டினார்கள். மந்தையின் நல்ல வித்து எதுவோ அதைப் பொறுக்கி எடுத்தார்கள். செந்நாய்க் கூட்டம் துரத்தும்போது பின்தங்கி மாட்டுவது பெரும்பாலும் நோயாளியும் கிழடும் சவலைக் குட்டியும். மனிதன் துப்பாக்கியோடு போனால் விழுவது முதல்தரமான கலை. எது நல்ல தேர்வு என்று மாடு வளர்த்த எந்தத் தாயும் சொல்லிவிடுவாள்.

கண் இல்லாத கருவி

ஆனால் கலையா பிணையா என்று இவ்வளவு பேசுவதுகூட, மானைப் பார்த்து அடிப்பவனைப் பற்றிய பேச்சுதான். இன்று நம் பக்கம் நடப்பது என்ன?

வண்டியின் பிரேக் கம்பியைச் சுருக்காக முடிந்து ஒற்றையடிப் பாதையில் கட்டுகிறார்கள். இரவில் வீட்டுக்குப் போய்த் தூங்குகிறார்கள். அந்தச் சுருக்கு யார் கழுத்தில் விழப்போகிறது என்று கட்டியவனுக்குத் தெரியாது. கலையும் விழலாம், பிணையும் விழலாம், மறியும் விழலாம், மேய்ச்சலுக்குப் போன பக்கத்து வீட்டு ஆடும் விழலாம். விழுந்தது உடனே சாவதும் இல்லை. இரவு முழுக்க இழுத்து இழுத்துக் காலை அறுத்துக்கொண்டு கிடக்கும்.

அடுத்தது மின்கம்பி. போஸ்டிலிருந்து கொக்கி போட்டுக் கரண்டைத் திருடித் தரையோரம் ஓடவிடுவது. காட்டுப்பன்றிக்கு என்று சொல்லித்தான் தொடங்குவார்கள். சித்தூர் மாவட்டத்தில் பலமநேரி, குப்பம் பக்கத்துக் கௌண்டின்யக் காட்டில் இப்படிப்பட்ட கம்பியில் யானைகள் செத்திருக்கின்றன. விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதர்களும் இத்தகைய கம்பிகளில் செத்திருக்கிறார்கள். அவர்களில் தோட்டக்காரர் எத்தனை பேர், கூலிக்காரர் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப்பாருங்கள்.

மூன்றாவது அவுட்டுக்காய். பழத்துக்குள் வெடிமருந்து வைத்துப் போடுவது. கடித்த வாய் கிழியும். மிருகம் பல நாள் பட்டினி கிடந்து சாகும். மாட்டின் வாயும் கிழியும். எடுத்து விளையாடிய குழந்தையின் கையும் போகும்.

நான்காவது நெற்றி விளக்கு. ஒளி பட்டால் மான் மலைத்து நிற்கும். தெரிவது இரண்டு கண்களின் மினுக்கம், வயிறு தெரியாது.

உடுப்பூர் வேடனும் வலை கட்டினான் என்று சொன்னோம். ஆனால் வலையோரத்தில் அவன் நின்றான். வருவது எது என்று பார்த்தான், அடிக்கவேண்டியதை அடித்தான், விடவேண்டியதை விட்டான். கண்ணியும் கம்பியும் வெடியும் பார்ப்பதில்லை. பார்க்காதவனுக்குத் தேர்வு ஏது? "நாங்கள் சினை மானை விட்டுவிடுவோம்" என்று கண்ணி கட்டுகிறவர் சொன்னால், அவர் நம்மை ஏமாற்றுகிறார், அல்லது தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார்.

ஆகவே பழைய நியாயத்தின்படியே கணக்குப் போட்டால் விடை ஒன்றுதான். தாயை விடவேண்டும் என்றால் எந்த மாதத்திலும் பிணையைத் தொட முடியாது; நல்ல வித்தை விடவேண்டும் என்றால் கலையைத் தொட முடியாது; குட்டியைத் தொடவே கூடாது. மீதி எந்த மான்? ஒன்றும் இல்லை. எதைக் கொல்லலாம் என்று தேடப்போன நாம், எதையும் கொல்ல வழியில்லை என்ற இடத்தில் வந்து நிற்கிறோம். சட்டம் சொல்வதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நம் மூதாதையர் போட்ட கோடே இங்கேதான் கொண்டுவந்து விடுகிறது.

சில கேள்விகள், சில பதில்கள்

ஆடு, கோழி தின்கிறோமே, மான் மட்டும் என்ன உசத்தி? நியாயமான கேள்வி. நாம் யாருக்கும் சைவம் உபதேசம் செய்ய வரவில்லை. ஆட்டை நாம் வளர்க்கிறோம். கிடாய் எது, சினை ஆடு எது என்று நமக்குத் தெரியும். நம் வீட்டுப் பெண்கள் குட்டி போட்ட ஆட்டைக் கசாப்புக்கு அனுப்ப மாட்டார்கள். கொன்றால் ஈடு செய்ய நம் பட்டியில் இன்னொன்று பிறக்கும். மானுக்குப் பட்டி கிடையாது. அதை வளர்த்தவரும் நாம் இல்லை.

பயிர் அழிகிறதே, விவசாயி என்ன செய்வான்? அழிகிறது, உண்மை. நிலக்கடலையும் துவரையும் போட்ட சிறு விவசாயி ஓர் இரவில் நட்டப்படுகிறார். அதற்குச் சூரிய வேலி இருக்கிறது. அது விட்டுவிட்டு அதிர்ச்சி கொடுத்து விரட்டும், கொல்லாது. அதற்கு மானியம் கேட்போம். மானும் பன்றியும் செய்த சேதத்துக்கு இழுத்தடிக்காமல் இழப்பீடு கேட்போம். குத்தகைக்கு உழுபவருக்கும் அது கிடைக்கவேண்டும் என்று கேட்போம். பட்டா இருப்பவருக்கு மட்டும் என்றால் நம்மவர்க்கு ஒன்றும் வராது.

மான் பெருகிவிட்டால்? பெருகிய இடங்களும் உண்டு. அந்தமானில் வெள்ளைக்காரன் கொண்டுபோய் விட்ட புள்ளிமான், அடித்துத் தின்னும் மிருகம் இல்லாததால் தீவு தீவாகப் பரவி இளங்காட்டை மேய்ந்துகொண்டிருக்கிறது. அங்கே என்ன செய்வது என்பதைக் கணக்கெடுத்து, அறிந்தவர்கள் கூடி, அரசு பகிரங்கமாக முடிவு செய்யவேண்டும். அது இரவுக் கம்பி செய்யும் வேலை அல்ல. நம் சேஷாசலத்தில் சிறுத்தை இருக்கிறது, செந்நாய் இருக்கிறது. மானைக் குறைக்க நம்மை யாரும் கூலிக்கு அழைக்கவில்லை.

உண்மையில் மான் குறைந்தால் நமக்குத்தான் ஆபத்து. 2023 ஜூனில் அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறும் நடைபாதையில் 3 வயதுச் சிறுவன் ஒருவனைச் சிறுத்தை கவ்விச் சென்றது, அவன் பிழைத்தான். அதே ஆண்டு ஆகஸ்டில் 6 வயதுச் சிறுமி ஒருத்தி அதே பாதையில் உயிரிழந்தாள். அதன் பிறகுதான் பக்தர்கள் கையில் தடி கொடுத்தார்கள்; குழந்தைகளோடு ஏற நேரக் கட்டுப்பாடு வைத்தார்கள். அந்தச் சம்பவங்களுக்கு மான் வேட்டைதான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் காட்டில் இரை குறைந்தால் சிறுத்தை நாயையும் கன்றையும் தேடி ஊரோரம் வரும் என்பது காடு அறிந்தவர் எல்லாரும் சொல்வது. காட்டோரத்தில் கதவில்லாத குடிசையில் தூங்குவது தோட்ட முதலாளியின் குழந்தை அல்ல.

யார் வேட்டை, யார் விலங்கு?

இப்போது சட்டத்துக்கு வருவோம். மானிடம் நாம் நியாயமாக நடக்கவேண்டும் என்றால், நம்மிடமும் நியாயமாக நடக்கச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு.

1882-ல் சென்னை வனச் சட்டம் வந்தது. அதுவரை காட்டில் விறகும் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்தவர்கள் ஒரே நாளில் திருடர்கள் ஆனார்கள். துரைக்கு மட்டும் லைசென்ஸ் கிடைத்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வந்தபோது அதிலும் வேட்டைக்கு லைசென்ஸ் இருந்தது. ஆனால் குட்டிகளைக் கொல்லாதே, தோல் போர்த்திய கொம்புள்ள மானைச் சுடாதே, இரவில் வேட்டையாடாதே, தண்ணீர் குடிக்கும் இடத்தில் மறைந்திருந்து அடிக்காதே என்று நிபந்தனைகள் வைத்தார்கள். உடுப்பூர் வேடர் தமக்குத் தாமே போட்டுக்கொண்ட கோட்டை, டில்லி எழுத்தில் எழுதினார்கள் என்று சொல்லலாம். 1991-ல் திருத்தம் கொண்டுவந்து லைசென்ஸையே எடுத்துவிட்டார்கள். அன்று முதல் பெரியவர், சிறியவர் யாருக்கும் வேட்டை இல்லை.

நம்மவர்கள் தெரிந்துகொள்ளவேண்டியது: கண்ணி வைப்பதும் வேட்டைதான், வைத்து ஒன்றும் விழாவிட்டாலும், முயற்சியே குற்றம். செத்த மானின் கறி அரசாங்கச் சொத்து. வாங்கிக் குழம்பு வைத்தவரும் மாட்டுவார். ஸ்ரீவெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவுக்குள் வேட்டை என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 7 ஆண்டு. மூன்றாண்டு என்பது ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுபோகும் காலம்.

சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். பாய்வது ஒன்றுபோலப் பாய்கிறதா?

1998 அக்டோபரில் ராஜஸ்தானில் ஜோத்பூர் அருகே காங்காணி கிராமத்தில் இரண்டு கருமான்கள் சுடப்பட்டன. விஷ்ணோய் மக்கள் புகார் கொடுத்தார்கள். வழக்கு இருபது ஆண்டு நடந்து, 2018 ஏப்ரல் 5 அன்று நடிகர் சல்மான் கானுக்குக் கீழ்க்கோர்ட்டு 5 ஆண்டுத் தண்டனை விதித்தது. அவர் மேல்முறையீடு செய்தார். ஏப்ரல் 7 அன்று ஜாமீனில் வெளியே வந்தார். அப்பீலும் ஜாமீனும் அவருடைய உரிமை. அதை நாம் குறை சொல்லவில்லை. அந்த உரிமை எல்லாருக்கும் கிடைத்ததா என்பதே நம் கேள்வி.

இன்னொரு ஏப்ரல் 7 நம் நினைவில் இருக்கிறது. 2015-ஆம் ஆண்டு அதே தேதியில், சந்திரகிரி அருகே இதே சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தார்கள் என்று சொல்லித் தமிழ்த் தொழிலாளர் 20 பேரை ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களின் ஏழைகள். அவர்களில் பலர் சவ்வாது மலைப் பழங்குடியினர். கல்லெறிந்து தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று சாட்சிகள் சொன்னார்கள். அந்த 20 பேருக்குக் குற்றப்பத்திரிகை இல்லை, வக்கீல் இல்லை, ஜாமீன் மனு இல்லை. மரத்தை வாங்கிக் கப்பலேற்றும் முதலாளி ஒருவரும் அந்தப் பிணங்களுக்கு நடுவே கிடக்கவில்லை.

மரம் வெட்டியது சரி என்று நாம் வாதாடவில்லை. செம்மரமும் மானும் அந்தக் காட்டின் சொத்து. அவற்றை அழிக்க நம் கை உதவக்கூடாது. ஆனால் வேட்டையில் எதை விடுவது என்று வேடனுக்கே ஒரு கோடு இருந்தபோது, சட்டத்தின் பெயரால் நடக்கும் வேட்டைக்கு ஒரு கோடு வேண்டாமா? பெரிய கலை தப்பி ஓட, சவலைக் குட்டியையே பார்த்துப் பார்த்துச் சாய்ப்பது எந்த ஊர் நியாயம்? தோட்ட முதலாளி கம்பி வாங்கித் தருகிறார், காவல்காரர் கட்டுகிறார், கறி முதலாளியின் விருந்துக்குப் போகிறது, வழக்கு காவல்காரர் மேல் விழுகிறது. கம்பி வாங்கியவர் யார், விருந்து தின்றவர் யார் என்று விசாரிக்காத விசாரணை பாதி விசாரணைதான்.

நரிக்குறவர்களையும் இங்கே நினைக்கவேண்டும். திருமலை அடிவாரத்தில் ஊசிமணி பாசிமணி விற்கும் அந்த மக்கள் ஒரு காலத்தில் வேட்டையால் வாழ்ந்தவர்கள். சட்டம் அவர்கள் கையிலிருந்து கண்ணியைப் பிடுங்கியது. பதிலுக்கு என்ன கொடுத்தது? தமிழ்நாட்டில் அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கவே 2023 ஆகிவிட்டது. காட்டில் ஒரு மான் காணாமல் போனால் முதலில் அவர்கள் குடிசையைச் சோதனை போடும் வழக்கத்தைக் கண்டிக்கிறோம். விடுதியில் விலை கொடுத்துக் காட்டுக்கறி தின்கிறவன் அந்தக் குடிசையில் இல்லை.

நாம் செய்யவேண்டியது

பேசிக் கலைந்தால் பயனில்லை. கிளைகள் அடுத்த கூட்டத்தில் கீழ்க்கண்டவற்றை விவாதித்து முடிவெடுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

1. தோட்டக் காவலில் இருக்கும் எந்தக் குடும்பமும் கண்ணி கட்டுவதில்லை, கரண்டுக் கம்பி இழுப்பதில்லை, அவுட்டுக்காய் வைப்பதில்லை. முதலாளி சொன்னாலும் இல்லை. "என் வேலை காவல், கொலை இல்லை" என்று சொல்லும் தைரியம் வேண்டும். ஒற்றை ஆளாகச் சொன்னால் வேலை போகும். தோப்புக்குத் தோப்பு எல்லாரும் சொன்னால் எத்தனை பேரை நீக்குவார்?

2. அப்படி மறுத்ததால் வேலை இழந்தவரின் குடும்பத்துக்கு வேறு வேலை கிடைக்கும் வரை அரிசியும் வாடகையும் கிளை பார்த்துக்கொள்ளவேண்டும். இதற்கு ஒதுக்கீடு இல்லாமல் முதல் தீர்மானத்தைப் போடுவது, அடுத்தவன் தலையில் தர்மம் செய்வதாகும்.

3. துப்பிக் கறி என்று யார் விற்க வந்தாலும் வாங்குவதில்லை. மலிவு என்று ஒரு கிலோ வாங்குகிறவர்தான் அடுத்த கண்ணிக்குக் கம்பி வாங்கிக் கொடுக்கிறார்.

4. ஏற்கனவே கட்டிய கண்ணி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் தனியாகப் போய் எடுக்கவேண்டாம். கையில் கண்ணியோடு பிடிபட்டால் கதை வேறாகிவிடும். கிளைக்குச் சொல்லுங்கள். இரண்டு பேராகப் போய் வனத்துறைக்கு எழுத்தில் கொடுப்போம்; நகல் வாங்கி வைப்போம். மின்கம்பி என்றால் மின்வாரியத்துக்கும் எழுதுவோம்.

5. சூரிய வேலிக்கு மானியம், பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு, வழக்குகளில் உத்தரவிட்டவர் மேலும் விசாரணை. இம்மூன்றையும் கோரிக்கையாக எழுதித் தெலுங்கு விவசாயத் தோழர்களின் கையெழுத்தோடு கலெக்டரிடம் கொடுக்கவேண்டும். இது தமிழர், தெலுங்கர் என்ற பிரச்சினை அல்ல. கம்பியில் செத்த கூலிக்காரனிடம் யாரும் மொழி கேட்பதில்லை.

வந்த ஊரில் நமக்கு நிலம் இல்லை. பலருக்கு ஓட்டும் இல்லை. நம்மிடம் இருப்பது நம் கை ஒன்றுதான். அந்தக் கை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தீர்மானிக்கும் உரிமையையாவது நாம் யாருக்கும் விட்டுக்கொடுக்கக்கூடாது. காளத்தி வேடனுக்கு அந்த உரிமை இருந்தது. வில் அவனுடையது, விடவேண்டியதை அவன் விட்டான். இன்று கம்பி முதலாளியுடையது, கை நம்முடையது. முதலில் கையை மீட்போம்.